பண்டா தீவுக்குத் தலைக்கு எவ்வளவு

ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளுக்குப் போகிற சொகுசுக் கப்பலில் ஐ.டி. தமிழர்களை ஏற்றிவிட, பெங்களூர் அல்சூரில் டிராவல்ஸ் நடத்தும் ஷில்பா தமிழில் ஒரு நோட்டீஸ் கேட்டாள். நன்றாக வந்தால் அங்கே தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருந்த பாலகுமாரின் வேலை நிரந்தரம். சொதப்பினால் ஆனேக்கல் பஸ் ஏறி அண்ணன் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டும்.

அசட்டு உற்சாகத்தில் அவன் சரித்திரத்தையும் படித்துத் தொலைத்தான். ஜாதிக்காய் மொத்தமும் தங்களுக்கே வேண்டுமென்று டச்சுக்காரர்கள் தீவின் பெரியவர்களை வெட்டி, தலைகளை மூங்கிலில் செருகினார்களாம். அதே கோட்டையருகேதான் கப்பல்காரர்கள் ஒயின் விருந்து வைத்திருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் அத்தனையையும் நோட்டீஸில் எழுதிவிட்டான்.

“பாலு, இது ஹனிமூன் கப்பல்ப்பா. தலை வெட்டினதெல்லாம் யாருக்கு பேக்கு, யாருக்கு வேணும்?” என்றாள் ஷில்பா, கன்னடம் கலந்த தமிழில்.

அவன் வீரம் அதோடு சரி. ‘சரித்திரம் மணக்கும் கோட்டையருகே ஒயின்’ என்று மாற்றினான். எழுதிய விரல்களைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“கடைசில தலைக்கு எவ்ளோன்னு பெருசா போடு.”

அவன் ‘ஆளுக்கு’ என்று டைப் அடித்தான்.

“உங்க ஜனங்க தலைக்குன்னுதானே சொல்வாங்க?”

“சொல்வோம் மேடம். இந்தத் தீவுக்கு மட்டும் வேணாம். வேலை போனாலும் பரவால்ல, என்னால அடிக்க முடியல.”

ஷில்பா அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி விடு, இருக்கட்டும். பிரஸ்ஸுக்கு அனுப்பு.”

டச்சுக்காரர்களோடு பாலகுமார் நடத்திய போரில் ‘தலை’ என்ற இரண்டு எழுத்துகளை மீட்டான். ஒயின் அப்படியே இருந்தது. வேலை நிரந்தரமானது. அச்சான நோட்டீஸைக் கையில் வாங்கியவன், ஒயின் வரி கண்ணில் படாதபடி அதைப் பொட்டலம் போல மடித்தான்.