இரட்டை ஷிப்ட்

தலைமையாசிரியருக்குத் தன் பள்ளிக்கூடத்தைவிட அதன் மத்தியான மணிமேல்தான் பெருமை அதிகம். ஒரே கட்டடம். காலையில் ஊர்ப் பிள்ளைகள், மணி அடித்ததும் அவர்கள் வெளியே; எல்லை தாண்டி வந்து முகாமில் தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள் உள்ளே. ஒரு குழந்தையும் வயல் வேலைக்குப் போகக்கூடாது என்று அவரே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த ஏற்பாடு. மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கூட்டத்திலும் அதைச் சொல்லிவிடுவார். நாளைக்கு மேலதிகாரிகள் வந்து பார்த்துப் பிடித்துப்போனால், சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் இதே மணிதான்.

அதிகாரிகளுக்குக் காட்டப் பிள்ளைகளே இல்லாத ஒரு பண்ணை வேண்டுமே! தங்கை புருஷன் தக்காளிப் பண்ணை வைத்திருக்கும்போது என்ன குறை? முகாம் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்ததும் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். வேலைக்குப் போகிறவர்கள் முகாம் பிள்ளைகள்தானே? அவர்களை உள்ளே போட்டுப் பூட்டியாயிற்று. இந்நேரம் பண்ணையில் ஒரு பொடிசும் இருக்காது.

பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நுழைந்தவுடன் பூச்சிமருந்து நெடி மூக்கைத் துளைத்தது. வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

செடி வரிசைகளுக்கு நடுவிலிருந்து சடசடவென்று தலைகள் எழுந்தன.

"வ...ணக்...கம் சார்!"

வகுப்பில் பாடுகிற அதே ராகம். காலையில் வாய்ப்பாடு ஒப்பித்த அதே வாய்கள். முதல் வரிசையில் தங்கை மகள் வாலு. முழங்கைவரை பச்சைக் கறை, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து ரத்தச் சிவப்பு.

வகுப்பு ஞாபகத்தில் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார்.

"வாங்க மச்சான்!" தங்கை புருஷன் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு ஓடிவந்தான். "உங்க புண்ணியத்துல பண்ணை ஜோரா நடக்குது. முன்னெல்லாம் பொழுது சாஞ்சா பிள்ளைங்க சோந்து விழுந்துடும். இப்ப காலைல முகாம் பசங்க, மத்தியானம் நம்ம பசங்க. ரெண்டு வேளையும் புதுத் தெம்போட வர்றாங்க!"

"மாப்ளே... இது உன் பொண்ணுடா."

"பின்ன, ஊரான் பிள்ளைய மட்டும் வேலை வாங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"முகாம்ல ஆம்பளைங்க சும்மாதானே உக்காந்திருக்காங்க?"

"ஐயோ, அவங்க முழுக் கூலி கேப்பாங்க மச்சான். வேலைக்கு வெச்சா அனுமதி எங்கேன்னு சட்டம் வேற கேக்கும். பசங்களை யாரு கேக்கறா? நீங்க வேற மணி அடிச்சு அனுப்பி வெக்கறீங்க!"

தலைமையாசிரியர் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாங்காமல் அதுவும் சாய்ந்தது.

மறுநாள் அதிகாரிகள் நாற்காலி போட்டு வகுப்பறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஷிப்ட் மாறுகிற அழகைப் பார்க்க. முகாம் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். நேற்றுவரை அவர் பார்க்காத பச்சைக் கைகள். வெளியே மாப்பிள்ளையின் வண்டி ஹாரன் அடித்தது.

அவர் மணியைத் தொடவில்லை. வாசலைத் திறந்து, உள்ளே இருந்த ஊர்ப் பிள்ளைகளோடு அவர்களையும் உட்கார வைத்தார். ஒரு பெஞ்சில் நாலு பேர், மீதி தரையில்.

"மணி என்னாச்சுங்க?" என்றார் பெரிய அதிகாரி.

தலைமையாசிரியர் பேச்சைத் தயாரித்துத்தான் வைத்திருந்தார், ஏழு பக்கம். அது பையிலேயே கிடந்தது. வாலுவின் கையையும் பக்கத்தில் இருந்த முகாம் பையனின் கையையும் பிடித்து அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என் மணிதாங்க இந்தக் கைகளை ரெண்டு பங்கா பிரிச்சுப் பண்ணைக்குக் குடுத்துது. வேற எந்த ஊருக்கும் இதைக் கொண்டுபோயிடாதீங்க."

அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். மருந்து நெடி.

ஹாரன் மறுபடி அலறியது. வாலு பழக்கதோஷத்தில் எழுந்து பையை மாட்டினாள்.

"உக்காரு."

"அப்பா திட்டுவாரு மாமா."

"என்னைத் திட்டட்டும். உக்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். வெளியே ஹாரன் நிற்கவேயில்லை.