பேர் நீக்கம்

ஜெயஸ்ரீயைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்? எங்கள் பீங்கான் பட்டறைக்கு அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான் ஆறு வருஷம். முதலாளி சக்கரபாணிக்கு இப்போது எதற்கெடுத்தாலும் ‘ஜெயஸ்ரீயக் கேளு’தான்.

சூளையின் சூட்டை அளக்கும் சென்சாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியது நான். வெள்ளிக்கிழமை ஃபியூஸ் கட்டை வேகும்போது அது பிசகாமல் ஓடினால் ஐந்து சூளைக்கும் நீதான் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் யாருக்குப் போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வியாழன் மதியம் சோதித்தேன். முதல் தடவை நன்றாக ஓடியது. அளவைத் திருத்துவதற்காக டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினால், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சாதனம் இருக்கிறது என்று முரண்டு பிடித்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் சூளை எரியும்போது அணைத்தால் பர்னரும் அணைந்து, உள்ளே இருக்கும் கட்டை அத்தனையும் விரிசல் விடும்.

ஜெயஸ்ரீ டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றாள்.

“அக்கா, அம்மா வூட்டு கார்டுலேர்ந்து உங்க பேர எடுத்துட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. மங்கலம்பேட்டையில் புகுந்த வீட்டு ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போய், கருவேப்பிலங்குறிச்சி அம்மா வீட்டுக் கார்டில் நீக்காமல் போனதால் வெறுங்கையோடு திரும்பிய கதை பட்டறை முழுக்கத் தெரியும்.

“அதுக்கும் இதுக்கும் என்னாடி?”

“அதேதாங்க்கா இது. ஏறும்போது பஸ்ஸுல பேர எழுதுறீங்க. எறங்கும்போது நீக்காமப் போறீங்க. மறுபடி அதே பேர எப்புடி எழுதும்?”

பஸ் என்றால் சேத்தியாத்தோப்பு பஸ் அல்ல. கம்ப்யூட்டருக்குள் சாதனங்களெல்லாம் பேர் பதிந்து நிற்கிற தடம். அவள் சொன்ன மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் எரிச்சல். வெளியேறும் இடத்தில் டிரைவரை மட்டும் விடுவித்திருந்தேன். சாதனத்தின் பேரை நீக்கும் வரியையே எழுதவில்லை. அவள் குனிந்து அந்த வரியை அடித்தாள். பத்துத் தடவை கழற்றி ஏற்றினேன். ஒரு தகராறும் இல்லை.

வெள்ளிக்கிழமை சூளை எரியும்போதே அளவைத் திருத்த இரண்டு முறை டிரைவரைக் கழற்றி ஏற்றினோம். ஆறவிட்டுத் திறந்தபோது ஒரு கட்டைகூட விரிசல் விடவில்லை.

“யாரு வேல இது?” என்றார் முதலாளி.

நான் குனிந்து கட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

“எல்லாம் அக்கா எழுதுனதுங்க” என்றாள் ஜெயஸ்ரீ.

ஐந்து சூளையும் எனக்கே வந்தது. சந்தோஷப்பட வேண்டாமா? இந்தப் பெரிய மனசும் அவளுக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அந்த டிரைவரைத் திறந்து பார்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் அமுதவள்ளி என்று என் பேர் மட்டும்தான் இருந்தது. அதன் பக்கத்தில் ஜெயஸ்ரீ என்று அடித்தேன்.

வெளியேறும் முன் அந்தப் பேரை நீக்க இந்தத் தடவை நான் மறக்கவில்லை.