கை பட்டிருக்கலாம்

மெத்தைக்கடைக்காரர் ஜிம்னாஸ்டிக்ஸைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. கடைக்கு வரும் பிள்ளைகள் மெத்தைமேல் குதித்தால் அதுவரை விரட்டிக்கொண்டிருந்தவர், ஒருநாள் விரட்டுவதை விட்டுவிட்டு விசில் ஒன்று வாங்கினார். கிடங்கைக் காலி செய்து, விற்காத மெத்தைகளை விரித்து, வாசலில் ‘நிறுவனர், தலைமைப் பயிற்சியாளர்’ என்று பலகை மாட்டினார்.

“தலைமைன்னா கீழ யாராச்சும் இருக்கணுமேங்க. என்னைச் சேக்காதீங்க, எனக்குக் கடை இருக்கு” என்றாள் மனைவி.

மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட ஆரம்பித்துவிட்ட அவர், தன் வாழ்நாளில் ஒரு குட்டிக்கரணம்கூட உருப்படியாகப் போட்டதில்லை. முயன்ற ஒரே தடவை கழுத்துப்பட்டையில் போய் முடிந்தது. ஆனால் தாங்கிப் பிடிக்கத் தெரியும். பல்டி அடிக்கும் பிள்ளையின் முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. “என் கை இருக்கறவரைக்கும் எந்தப் பிள்ளையும் விழாது” என்று பெற்றோரிடம் சொல்வார். சொல்லிச்சொல்லி, பல்டி அடிப்பதே அந்தக் கைதான் என்று அவருக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

கிடங்குப் பள்ளியின் பெருமை, வெட்டுக்கிளி என்று எல்லோரும் கூப்பிடும் பஸ் டிரைவர் மகள். அந்த வருஷ மாவட்டப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாவட்ட அணியில் சேர்த்துக்கொள்வார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கலாம், தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பல்டி கணக்கில் இல்லை. இதைக் கிடங்குச் சுவரில் எழுதி ஒட்டியவரே மாஸ்டர்தான்.

போட்டியன்று சாண் அகலம்கூட இல்லாத கட்டைமேல் அவள் பின்பக்கமாகப் பாய்ந்தாள். குறை சொல்ல முடியாத பாய்ச்சல். மாஸ்டரின் கை பொறுக்காமல் போய் அவள் முதுகைத் தொட்டது. கால்கள் ஆணியடித்ததுபோல் இறங்கின. கைதட்டலில் பாதி தனக்கு என்று அவர் கும்பிட்டுக்கொண்டிருக்கையிலேயே நடுவரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டார். வெட்டுக்கிளிக்கு நாலாவது இடம்.

“என்ன மாஸ்டர் இது?” என்று வந்தார் டிரைவர்.

“நடுவர் உக்காந்திருந்த எடம் சரியில்ல. தொட்ட மாதிரி தெரிஞ்சிருக்கும்.”

அவ்வளவு போதும். டிரைவர் நேராக நடுவரம்மாவின் மேசைக்குப் போனார். மாஸ்டரும் பின்னால் போகவேண்டியதாயிற்று.

“எம்பொண்ணயே கேளுங்க மேடம். அவ பொய் சொல்லமாட்டா. ஏம்மா, மாஸ்டர் தொட்டாரா?”

வெட்டுக்கிளி மாஸ்டரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“தொடலப்பா.”

நடுவரம்மா அவளை விட்டுவிட்டு மாஸ்டரிடம் திரும்பினார். “சின்னப் பிள்ளைய எதுக்கு நடுவுல இழுக்கணும். நீங்களே சொல்லுங்க சார்.”

நிறுவனர் தொண்டையைச் செருமினார். “கை பட்டிருக்கலாம்.”

ஏதோ தெருவில் போன கை என்பதுபோல.

டிரைவர் மகளைத்தான் கேட்டார். “அப்ப ஏம்மா பொய் சொன்ன?”

“மாஸ்டர் பாவம்பா” என்றாள் அவள். “நான் விழமாட்டேன்னு எனக்குத் தெரியும். அவருக்குத்தான் பயமா இருக்கும்.”

டிரைவரின் கோபம் அத்தோடு இறங்கிவிட்டது. “சரி விடுங்க மாஸ்டர். போய் ஒரு டீ குடிங்க” என்று தோளில் தட்டினார். சட்டையைப் பிடித்திருந்தால் மாஸ்டருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“பட்டிருக்கலாம் இல்லைங்க, நான்தான் தொட்டேன்” என்றார். “அவ விழறதா இல்ல.”

அதற்குள் அப்பாவும் மகளும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். நடுவரம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சார். பரிசு குடுக்கணும்.”