கடிகார வாரில் ஒரு துளை

வேன் கவிழ்ந்து தீப்பிடித்ததில் போனவர்கள் இருவர். இருவரும் பெண்கள், ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை. பிணவறையில் ஒன்று, இரண்டு என்று எண் கட்டி வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். முகம் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஒன்றாம் எண்ணின் கையிலிருந்து கழற்றிய கடிகாரத்தை அவன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். வார் பாதி கருகியிருந்தாலும் துளை தெரிந்தது. கையில் நிற்கவில்லை என்று மனைவி முனகியபோது ஆணியைச் சுட்டு அவனே போட்ட துளை, கோணலாக இருக்கும்.

"என் மனைவிதான். கையெழுத்து எங்க போடணும்?"

"இப்பப் போட முடியாது சார்" என்றார் விசாரணை அதிகாரி. "பொருளை மட்டும் வச்சு ஆளை உறுதி பண்ணச் சட்டம் விடாது. கைரேகை எடுக்க வழியில்ல. பல் டாக்டர்கிட்ட எப்பவாவது போயிருக்காங்களா?"

மாமியாருக்குச் சுருக்கென்றது. அவள் காலையிலிருந்து ஒன்றாம் எண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்து, துணிமேல் கைவைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"பெத்தவளுக்குத் தெரியாததா உங்க காகிதத்துக்குத் தெரியப்போகுது? மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க."

அவன் கைபேசியை எடுத்தான். பல் மருத்துவரின் எண்ணைத் தேடினான். போன வருஷம் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டியிருந்தது. "ஊருக்கெல்லாம் வாய் கிழியுதாம், எங்கிட்ட மட்டும் திறக்க மாட்டேங்குதே" என்று மருத்துவர் கேலி செய்தார். அவள் வாயை மூடிக்கொண்டே சிரித்தாள்.

மதியம் எக்ஸ்ரே படம் வந்தது. கீழ்வரிசை, வலப்பக்கம், அடைத்த பற்கள் இரண்டு. ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி வந்தார்.

"டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்துட்டார். உங்க மனைவி ரெண்டாம் நம்பர் சார்."

கதவோரப் பெஞ்சில் இருந்த மற்றவளின் கணவர் தலை தூக்கினார்.

"எங்க வீட்டுக்காரியோட கைக்கடிகாரம் நின்னுபோச்சு. பேட்டரி மாத்தித் தரேன் தரேன்னு நான்தான் நாளைக் கடத்தினேன். உங்க வீட்டம்மாகிட்ட இரவல் கேக்குறேன்னு சொன்னா. காலையில வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க."

அவன் தலையசைத்தான். மாமியாரின் கை இன்னும் அந்தத் துணிமேலேயே இருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா தம்பி?"

"இல்லீங்கம்மா. சின்ன வயசுலயே போயிட்டாங்க."

"சரி. இவ்வளவு நேரம் அழுதது இவளுக்கே இருக்கட்டும்."

துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, எழுந்து இரண்டாம் எண்ணிடம் போனாள். அவன் பின்னாலேயே போனான்.