ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை

என் மனைவியின் கால் விரல் இடுக்குகளைப் பார்த்துவிட்டுத் தோல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது என்பது என் அனுபவம்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"நர்சரிங்க டாக்டர். செடி நர்சரி," என்றாள் அவள், பிள்ளைகள் படிக்கிற நர்சரி என்று நினைத்துவிடப் போகிறாரே என்று.

"சேத்துப்புண் உள்ள வரைக்கும் போயிருக்கு. இந்த மழைக்காலம் முழுக்கக் கால் நனையவே கூடாது. நனைஞ்சா வெளி வேலையை விட்டுட வேண்டியதுதான். அங்கயே உள்ள உக்காந்து பாக்கற வேலை எதுவும் இல்லையா?"

இருந்தது. வாசலை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் பில் போடும் மேசை. முன்பு அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கண்ணெதிரே செடிகள் போய் வரும், தொட முடியாது. அங்கிருந்து கெஞ்சிக் கூத்தாடித்தான் பாத்தி வேலைக்கு மாறினாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பாடுவது எனக்கே கேட்கும். இப்போது ஓடைக்குப் பக்கத்தில் தாழ்வான நிலத்தில் முதலாளியம்மா புதுப் பாத்தி போடுகிறார். திங்கட்கிழமை முதல் லோடு வருகிறது. அன்றைக்கு வேலையை நடத்திக் காட்டினால் அந்தப் பாத்தி முழுக்க அவள் பொறுப்பு. இல்லையென்றால் மறுபடியும் கண்ணாடிக் கூண்டு.

"நல்ல பூட்ஸா வாங்கிட்டா போதுமா டாக்டர்?" என்று நான் முந்திக்கொண்டேன்.

"தண்ணி உள்ள போகாத பூட்ஸா இருந்தா போதும்."

என் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. காரணம் இருக்கிறது. நான் பாட்டில் மூடித் தொழிற்சாலையில் கசிவுச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்ப வேண்டும், மூட வேண்டும், காகிதத்தின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். காகிதம் நனைந்தால் மூடி தோல்வி. காய்ந்திருந்தால் தேர்ச்சி. தண்ணீர் கசிகிறதா என்று அபிப்பிராயம் சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான். அதனால்தான் என் மனைவியின் தம்பி எனக்கு 'லீக் மாமா' என்று பட்டம் வைத்திருக்கிறான். நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

"பூட்ஸை என்கிட்ட விட்டுடு," என்றேன்.

கொசுவலை வாங்கும் பொறுப்பையும் ஒருமுறை என்னிடம் விட்டிருந்தாள். என் ஆராய்ச்சி முடிவதற்குள் கொசுக்காலமே முடிந்துவிட்டது.

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று ஞாயிறு காலையே கடைக்குப் போய்விட்டோம். விற்பனையாளர் முதலில் எடுத்துக் காட்டியது பளபளவென்று மஞ்சள் பூட்ஸ். நான் அதை வாங்கி விரல் பக்கம் நன்றாக மடித்தேன்.

"மடியற எடம் வெளுக்குது பாருங்க. நடந்து நடந்து இங்கதான் பொளக்கும்."

அவர் மறுபேச்சில்லாமல் அதை அலமாரியிலேயே வைத்துவிட்டார். நான் மனைவியைப் பெருமையோடு பார்த்தேன். அன்றைக்கு என் வெற்றிக் கணக்கு அதோடு முடிந்தது என்று அப்போது தெரியாது.

அடுத்து வந்ததில் அடிப்பாகம் பசை போட்டு ஒட்டியது. தள்ளினேன். அதற்கடுத்தது ஒரே அச்சில் வார்த்தது. ஒட்டும் இல்லை, தையலும் இல்லை, முழங்கால் வரை உயரம். கோட்டை மதில் மாதிரி இருந்தது.

"இதுதான். இதைத் தாண்டித் தண்ணி வரணும்னா நீ நீந்தணும்," என்றேன்.

அவள் அதைப் போட்டுக்கொண்டு கடை நடுவிலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். பூட்ஸின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து காலுறைக் குவியல்மேல் விழுந்தாள்.

"நான் நாள் முழுக்க உக்காந்து நாத்து நடறவ. இதெல்லாம் குதிரை மேல ஏறிப் போறவங்களுக்கு," என்றாள், படுத்தபடியே.

கடைசியில் கெண்டைக்கால் பாதி வரை வருகிற மங்கலான பச்சை பூட்ஸ் ஒன்று கிடைத்தது. அதுவும் ஒரே வார்ப்பு. அடியில் ஆழமான பள்ளங்கள், ஆனால் சேறு அப்பிக்கொள்ளாதபடி அகலமானவை. குதிகால் பின்னால் ஒரு சின்ன மேடு. கை முழுக்கச் சேறாக இருக்கும்போது ஒரு காலால் மற்றதை மிதித்தே கழற்றிவிடலாம். உள்ளே பாதத்துக்கு மெத்தென்று தடிமனான துணி. அவள் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள், கண்ணாடி முன்னால் போய் ஒருமுறை திரும்பியும் பார்த்தாள்.

"கடை கண்ணிக்குக்கூடப் போட்டுட்டுப் போகலாம் போலருக்கே."

நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் பாதம் ஒரே அளவு. எங்களுக்குள் இழுபறி இல்லாமல் பொருந்திப்போன விஷயம் அது ஒன்றுதான்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"குடிக்கவா சார்?"

"இல்ல, இதுல ஊத்திப் பாக்கணும்."

விற்பனையாளர் என்னையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இது கால்ல போடறதுங்க. தண்ணி எடுத்துட்டுப் போறதுக்கு இல்ல."

மனைவி பூட்ஸுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆனால் பழக்கம் யாரை விட்டது? சோதிக்காமல் ஒரு பொருளை வெளியே அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது. அன்று பிற்பகல் அவள் காலுக்குக் களிம்பு தடவிக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் பூட்ஸை பால்கனிக்கு எடுத்துப்போனேன். கீழே செய்தித்தாளை விரித்தேன். இரண்டிலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். தொழிற்சாலையில் அவசர ஆர்டர் என்றால் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவோம். இது என் மனைவியின் கால். முழுச் சோதனையே வைத்துவிடுவோம் என்று விடிகிற வரை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மழையோடு விடிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். செய்தித்தாள் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

"இங்க வாயேன், சீக்கிரம்!"

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"பாத்தியா? ராத்திரி முழுக்க ரொம்பத் தண்ணி நின்னிருக்கு. ஒரு சொட்டுகூட வெளிய வரல!"

"உள்ள?"

"உள்ளன்னா?"

"என் கால் எங்கங்க போகும்? பூட்ஸுக்கு வெளியவா?"

வாழ்க்கையில் சில கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டியதே இல்லை. நான் ஒரு பூட்ஸை எடுத்துக் கவிழ்த்தேன். தண்ணீர் கொட்டியது. கையை விட்டுப் பார்த்தேன். அந்த மெத்தென்ற துணி, கடையில் நான் தடவித் தடவிப் பாராட்டிய அதே துணி, குடித்த தண்ணீரைத் திருப்பித் தருவதாக இல்லை.

பழைய துண்டைத் திணித்தேன். முடி உலர்த்தும் கருவியை உள்ளே விட்டேன், அது சூடாகி நின்றுபோனது. இஸ்திரிப் பெட்டியை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் உள்ளே போகாதபடி செய்யப்பட்ட பொருளில் காற்றும் போகாது என்ற உண்மை அப்போதுதான் உறைத்தது.

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரல் இடுக்கில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பூட்ஸ் மூலையில் பிளந்த வாயோடு கிடந்தது.

"கூண்டுக்கே போயிடறேன்," என்றாள் தலை நிமிராமல். "அங்க நாற்காலி சுத்தும். அது ஒண்ணாவது இருக்கு."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன். மச்சான் வந்துவிட்டான். நர்சரிக்கு லோடு அடிக்கிற வேன் அவனுடையது, போகிற வழியில் அக்காவை ஏற்றிக்கொண்டு போவான். உள்ளே வந்தவன் என் கையிலிருந்து சொட்டுவதைப் பார்த்தான்.

"என்ன மாமா, பூட்ஸை ஊறப் போட்டிருக்கீங்க? அரைக்கப் போறீங்களா?"

"போடா."

"தேர்ச்சியா, தோல்வியா? அதையாவது சொல்லுங்க."

"பூட்ஸ் தேர்ச்சிடா. உங்க மாமாதான் தோல்வி," என்றாள் அக்கா.

நான் அந்த ஈர பூட்ஸைக் கீழே வைத்தேன். வலது காலை நுழைத்தேன். சளக் என்றது. இடது காலையும் நுழைத்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

"கீழ்ப் பாத்திக்கு நான் போறேன். நீ ஷெட்டுல காஞ்ச தரையில நின்னு சொல்லு. நான் செய்யறேன்."

"உங்களுக்குச் செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதே!"

"எனக்கு எதுக்குத் தெரியணும்? கால் யோசிக்குமா?"

அவள் எழுந்துபோய், நான் விசேஷ நாளுக்கென்று பெட்டியிலேயே வைத்திருந்த நடைப்பயிற்சி ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கச்சிதமாக இருந்தது. நான் தொழிற்சாலைக்குப் போன் செய்து, வீட்டில் ஒரு கசிவு, இன்றைக்கு வர முடியாது என்றேன். பொய்யில்லை.

நர்சரி ஷெட் உயரமான சிமெண்டுத் தரை. அங்கிருந்து பார்த்தால் கீழே புதுப் பாத்தி முழுவதும் தெரியும், அதற்கப்பால் ஓடை. முதலாளியம்மா குடையோடு நின்றிருந்தார். மனைவி எதையும் மறைக்கவில்லை.

"கால் நனையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மேடம். அதான் இன்னிக்குக் காலைத் தனியா கூட்டிட்டு வந்திருக்கேன்."

முதலாளியம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பாக்கலாம்," என்றார்.

நானும் இரண்டு சுமை ஆட்களும் பாத்தியில் இறங்கினோம். 'என்னங்க' என்று கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்பினோம். அதனால் என் மனைவி எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டாள்.

"பச்சை பூட்ஸ்! தட்டைச் சாய்க்காதீங்க! மண்ணு கொட்டுது!"

"பச்சை பூட்ஸ்! அது நாத்து, மிதிக்காதீங்க! தள்ளி நில்லுங்க... அதுவும் நாத்துதான்!"

மச்சான் வேன் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் வேனே குலுங்கியது. சேற்றில் ஒருமுறை முழங்கால் போட்டேன், ஒருமுறை உட்கார்ந்தேன், ஒருமுறை என்ன போட்டேன் என்றே சொல்ல வராது. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்ததும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. தரமான சரக்கு.

பாதி லோடு இறங்கியிருக்கும். திடீரென்று மேலிருந்து அவள் குரல் மாறியது.

"நிறுத்துங்க! எல்லாரும் இறக்கறதை நிறுத்துங்க!"

நாங்கள் குனிந்த வாக்கில் இருந்ததால் எதுவும் தெரியவில்லை. ஷெட்டில் நின்ற அவளுக்குத் தெரிந்தது. ஓடை ஓரத்து வரப்பில் ஒரு இடம் கரைந்து, தண்ணீர் மெல்லப் பாத்திக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, வேனை மேல ஏத்து! நீங்க ரெண்டு பேரும் இளநாத்துத் தட்டை மட்டும் எடுத்து ஷெட்டுக்குக் கொண்டாங்க, பெரிய செடி நிக்கட்டும்! பச்சை பூட்ஸ், மண்வெட்டி! அந்த வேப்பங்கன்னுக்கு இடப்பக்கம் வெட்டி விடுங்க! இடப்பக்கம்! உங்க சாப்பிடாத கை!"

வெட்டினேன். எனக்கு அதுவரை மண்வெட்டியோடு பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் அவள் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில் வெட்டினேன். தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு, வெட்டிய வழியே ஓடைக்குத் திரும்பிப் போனது. இளநாற்று ஒன்றுகூடப் போகவில்லை. இரண்டு செடி நசுங்கின. அவை நான் விழுந்த இடத்தில் இருந்தவை.

மழை விட்டதும் முதலாளியம்மா ஷெட்டுக்கு வந்தார்.

"நீ கீழ இறங்கியிருந்தா அந்த வரப்பைப் பாத்திருப்பியா?"

"பாத்திருக்க மாட்டேன் மேடம்," என்றாள் மனைவி நேர்மையாக.

"அப்போ பாதி நேரம் மேல நில்லு, பாதி நேரம் காஞ்ச காலோட கீழ இறங்கு. பாத்தி உன் பொறுப்பு." பிறகு சேற்றில் முக்கி எடுத்த மாதிரி நின்ற என்னைக் காட்டினார். "இவரையே வேலை வாங்கிட்டே. இனிமே யாரையும் வாங்கிடுவே."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டில் பூட்ஸைக் கழற்றினேன். குதிகால் மேடு நன்றாகவே வேலை செய்தது. என் பாதங்கள் வெளுத்துச் சுருங்கி, வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் களிம்பை எடுத்து என் விரல் இடுக்கில் தடவினாள். தடவும்போது பாடிக்கொண்டிருந்தாள். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள்.

பூட்ஸ் இப்போது பால்கனிக் கம்பியில் தலைகீழாகத் தொங்குகிறது, உள்ளே காகிதத்தோடு. அதில் ஏதாவது சொட்டுகிறதா, கீழே எதையாவது விரித்து வைக்கலாமா என்று பார்க்கத்தான் சத்தமில்லாமல் எழுந்து போனேன்.

"பச்சை பூட்ஸ்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தொடாதீங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.