டர்போ போச்சு

கல்கத்தாவில் அந்த நாளில் அம்பாசடர் வைத்திருந்தாலே ஆளைப் பார்த்துக் கும்பிடு போடுவார்கள். திருவேங்கடமோ, ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் தள்ளிவிட்ட வெளிநாட்டு டர்போ வண்டியை வாங்கிப் பவானிபூர் வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார். சணல் கம்பெனியில் அதிகாரி. ஆபீஸில் பெரிய நிதானஸ்தர் என்று பெயர். அந்த வண்டி விஷயத்தில் மட்டும் பச்சைக் குழந்தை. துடைக்கிற துணியைக்கூட இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டார்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் மோட்டார் கிளப்காரர்கள் டார்ஜிலிங் வரைக்கும் ராவும் பகலுமாக ஒரு ரேலி நடத்துவார்கள். அவர் ஓட்டுவார், மனைவி விஜயலக்ஷ்மி மடியில் மேப்பை விரித்துக்கொண்டு வழி சொல்வாள். கோப்பை கீப்பை எதுவும் வாங்கியதில்லை. ஒரு தடவை கடைசிக்கு முந்தின இடம் வந்தது. அதற்கே வீட்டில் பால்பாயசம். ஆனால் விஜயலக்ஷ்மிக்கு அதுதான் வருஷத்துக்கே திருநாள். மற்ற நாளெல்லாம் அவர் பேசுவார், அவள் கேட்பாள். ரேலியில் மட்டும் அவள் ‘வலது’ என்றால் வாயைத் திறக்காமல் வலது பக்கம் திரும்புவார். கட்டின புருஷனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது சிலிகுரி தாண்டிய அந்த வளைவுகளில்தான். என்ன காலம் அது!

எண்பத்தைந்தாம் வருஷம், ரேலி நெருங்குகிற நேரம் பார்த்து வண்டி திணற ஆரம்பித்தது. மிதித்தால் விசிலடித்துக்கொண்டு பறக்கிற வண்டி, மேடேறும் மாட்டுவண்டி மாதிரி முனகியது. காற்றழுத்தம் காட்டுகிற முள் பாதிக்கு மேல் எழும்பவே இல்லை.

“டர்போ போச்சு, விஜயா. பேர் கொடுத்ததை வாபஸ் வாங்கிடறேன்” என்றார் திருவேங்கடம்.

முந்தின வருஷம் ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்பதற்கே ஒருவேளை சாப்பிடாமல் கிடந்த மனுஷர், இதை மழை நின்றுவிட்டது என்பது போலச் சொன்னார்.

“யார்ட்டயும் காட்டாமலே போச்சுன்னா எப்படி?”

“எனக்குத் தெரியாதா? உள்ளே தேஞ்சிருக்கும். சாமான் வெளிநாட்டுலேர்ந்து வரணும். விடு.”

அவளா விடுவாள்? கார்டன் ரீச்சில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் முனுசாமிக்கு ஆள் அனுப்பிவிட்டாள். ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர். படகு எஞ்சினிலும் டர்போ உண்டு என்பதால் அவருக்கு அது பழகின சாமான். கிறிஸ்துமஸ் விடுமுறை அன்று காலையில் வந்து நின்றார். திருவேங்கடம் தாழ்வாரத்தில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

முனுசாமி காற்றுக்குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். எஞ்சின் கக்குகிற புகையின் வேகத்தில் சுழன்று, அந்த எஞ்சினுக்கே காற்றை அமுக்கி ஊட்டுகிற சின்னச் சக்கரம் அங்கே இருந்தது. அதன் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். முன்னும் பின்னும் இழுத்தார். விரல் நுனியால் ஒரு சுண்டு சுண்டினார். எங்கும் உரசாமல் சுற்றி நின்றது.

“தேய்மானமே இல்லீங்கம்மா. எண்ணெயும் கசியல. சக்கரம் சோக்கா இருக்குது. காத்துதான் எங்கியோ லீக் ஆவுது. சோப்புத் தண்ணி தடவிப் பாக்கலாம்னா, அடியில கை நுழையாது.”

விஜயலக்ஷ்மி அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலுக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தூபக்காலின் புகையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

“முனுசாமி, இதை உள்ளே ஊதினா?”

முனுசாமி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டின் கேட்டார். அதில் தணலைப் போட்டுச் சாம்பிராணியைத் தூவி மூடி, ஒரு பக்கம் கால் பம்பும் மறுபக்கம் ரப்பர் குழாயும் செருகி, குழாயை வண்டி காற்றை இழுக்கிற வாயில் வைத்து அடைத்தார். மிதித்தார். மாடியில் குடியிருந்த வங்காளிக் கிழவி, தெருவுக்கே மாஷிமா, எட்டிப் பார்த்து, காருக்குப் பூஜையா என்று வங்காளத்தில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தாள் விஜயலக்ஷ்மி.

எஞ்சினுக்கு அடியில், குழாய் வளைகிற மூட்டிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. முனுசாமி டார்ச் அடித்தார். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கிற பட்டைதான் தளர்ந்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கிடக்க, அந்தப் பட்டையின் ஸ்க்ரூ தலை மட்டும் புதுக் கீறலோடு பளிச்சென்று மின்னியது.

“யாரோ கைவெச்சிருக்காங்கம்மா. தானா இவ்ளோ கழலாது.”

தாழ்வாரத்தில் பேப்பர் அசையவில்லை. அந்த வண்டியைத் தொடுகிற கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

“நான்தான் முனுசாமி. துடைக்கறேன்னு எதையோ திருகித் தொலைச்சுட்டேன்” என்றாள் விஜயலக்ஷ்மி.

முனுசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். பட்டையை முடுக்கினார். ஒரு சுற்று ஓட்டிவந்து, முள் முழுசாக எழும்புகிறது என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் அவளுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கேட் தூணில் வண்டியை உரசிவிட்டுத் தூண் கட்டின கொத்தனாரைத் திட்டியது. பூஜை விடுமுறைக்குப் பிறகு, பொழுது சாய்ந்து சந்தெல்லாம் கரியடுப்புப் புகை படரும் முன்பே தினமும் வீடு வந்து சேர்ந்தது. தன்மேல் ஆசையாக்கும் என்று பூரித்துப்போயிருந்தாள், பைத்தியக்காரி!

“எதுக்குக் கழட்டினேள்?”

பேப்பர் இறங்கியது. “இருட்டினா எதிர்ல வர விளக்கெல்லாம் பூசணிக்காயாட்டம் பரவிடறது, விஜயா. ரோடு தெரியமாட்டேங்கறது. மலையில உன்னைப் பக்கத்துல வெச்சுண்டு...”

“டாக்டர்ட்ட போனேளா?”

“கண்ணுல புரையாம். முத்தினாத்தான் ஆபரேஷன் பண்ணுவாளாம்.”

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக அழுகை வந்தது. இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, பழியை ஒரு பாவப்பட்ட சக்கரத்தின் மேல் போட்டாரே!

“கிட்டக்க தெரியறதோன்னோ?”

“பேப்பர் நன்னாப் படிக்கறேன்.”

“அப்போ மேப்பும் படியுங்கோ. நான் ஓட்டறேன்.”

சொன்ன பிறகுதான் தான் எதைக் கொடுத்தோம் என்று புரிந்தது. வருஷத்தில் அவளுக்கென்று இருந்த பேச்சு அதுதான். இனி ரேலியிலும் அவர் சொல்ல, அவள் கேட்க வேண்டியதுதான். வலித்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

“ஆபீஸ் அம்பாசடரையே நீ மைதானத்தைத் தாண்டி ஓட்டினதில்லையே, விஜயா.”

“சொல்லிக்கொடுத்தது யாரு?”

அன்று சாயங்காலமே ஸ்ட்ராண்ட் ரோடில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து பனியும் புகையும் கலந்து வந்தன. மிதித்ததும் டர்போ விசிலடிக்க, வண்டி முன்னே பாய்ந்தது. எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் திருவேங்கடத்தின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

“எனக்கு வெளிச்சம் மட்டுந்தான் தெரியறது, விஜயா” என்றார், கூச்சமில்லாமல்.

“எனக்கு லாரி தெரியறது” என்று ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள் அவள். “நீங்க வழியைச் சொல்லுங்கோ.”