ராயப்பனுக்குச் சொன்ன லத்தீன்

பிடி நழுவிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, எரிகிற மெழுகுவத்தியைச் சாகக் கிடக்கும் புருஷன் ராயப்பனின் கையில் மறுபடி வைத்து, ஆத்தா தன் கையால் பொத்திக்கொண்டாள். சூடான மெழுகு அவள் புறங்கையில் சொட்டியது, அவள் உதறவில்லை. "நீ ஆரம்பி கண்ணு," என்றாள் மகனிடம்.

மகன் ஞானாபரணம் அன்று காலைதான் திருச்சியிலிருந்து ரயிலேறிக் கொடுமுடியில் இறங்கி, மூன்று மைல் நடந்து வந்து சேர்ந்திருந்தான். பத்து வயதில் போர்டிங் பள்ளிக்குப் போனவன். இப்போது பி.ஏ. கடைசி வருஷம், லத்தீன் பாடம். அந்த வகுப்பில் மொத்தமே நாலு பேர். மூன்று பேர் சாமியாராவதற்குக் குருமடத்துக்குப் போகிறவர்கள். நாலாமவனான இவனும் போவான் என்றுதான் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. லத்தீன் என்றால் சாமியார் பூசை வைக்கிற பாஷை. அதில் செபத்தைத் தவிர வேறென்ன இருந்துவிடப் போகிறது? ரோமாபுரியிலும் ஆட்கள் மாடு மேய்த்தார்கள், பெண்கள் பின்னால் சுற்றினார்கள், அதையெல்லாம் இந்த பாஷையில்தான் பாட்டாகக் கட்டினார்கள் என்று அந்தக் கிறிஸ்தவத் தெருவில் யாருக்குத் தெரியும்? அவனும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

பங்குச் சாமியார் வெள்ளகோவில் பக்கத்து ஊர்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அவரை அழைத்துவர உபதேசியார் வண்டி கட்டிப் போய் ஒரு நாளாகிவிட்டது. சாமியார் வந்து எண்ணெய் பூசி வழியனுப்பாமல் மனுஷன் போய்விடுவாரோ என்பதுதான் வீட்டில் எல்லாருக்கும் கிலி. தமிழில் சொல்லவேண்டிய செபங்களையெல்லாம் சொல்லியாயிற்று. ராயப்பனுக்கு அது போதவில்லை. மகனையே பார்த்தபடி, "லத்தீன்ல," என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

ஞானாபரணம் முழங்காலிட்டான். பரமண்டல மந்திரம் சொன்னான். மாதாவுக்கான பிரியதத்த மந்திரம் சொன்னான். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தபோது நெட்டுருப் போட்டதையெல்லாம் சொன்னான். நிறுத்தின இடத்திலெல்லாம் கூடியிருந்தவர்கள் ஆமென் என்றார்கள். கையிருப்பு அவ்வளவுதான், கால் மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. ராயப்பனின் கண்ணோ அவன் வாயைவிட்டு நகரவில்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா? ஐம்பது வருஷம் பூசை கண்ட மனுஷர், கண்டுபிடித்துவிடுவார் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில் வாயில் வந்தது பரீட்சைப் பாடம். அறுபது அடிச் செய்யுள். எந்த மண்ணில் என்ன விதைப்பது, எப்போது உழுவது, எருதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பழைய கவி ஒருவன் ஓசையோடு பாடி வைத்தது. விடுதி வராந்தாவில் காலால் தாளம் தட்டித் தட்டி மனப்பாடம் செய்திருந்தான். இங்கே தாளம் தட்டவில்லை. அது தானாகவே ஓடியது. மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் ஜனம் ஆமென் என்றது. ராயப்பனின் புருவ நெரிப்பு மெல்லத் தளர்ந்தது. நாற்பதாவது அடியோ என்னவோ, பாதியில் இருக்கும்போது அவர் மூச்சு நின்றது. ஞானாபரணம் அந்த அடியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினான். படித்த பழக்கம், பாழாய்ப்போன பழக்கம்.

அழுகைக்கு நடுவிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. பெத்த மகன் வாயாலேயே லத்தீன் கேட்டுப் போனாரே, இந்தக் கொடுப்பினை யாருக்கு வரும் என்றார்கள். வாசற்படிக்கு வெளியே கைகூப்பி நின்றிருந்த பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையம்மாள் அவனைத் தனியாக அழைத்தாள்.

"தம்பி, எங்க மாமனாரு இழுத்துக்கிட்டுக் கெடக்கறாருங்க. ஒரு நடை வந்து அந்த மந்தரத்தைச் சொல்லிப்போட்டுப் போங்க."

ஞானாபரணம் தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளைக்காரரான பங்குச் சாமியார் மறுநாள் காலையில் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு அவன் தோளில் கை வைத்து, நல்ல காரியம் செய்தாய் என்றார். இருபது மைல் சுற்றளவில் அந்தச் செய்யுள் புரியக்கூடிய ஒரே ஆள் அவர். அவரிடம் சொல்லிவிடலாம் என்று அவனுக்கு நாக்கு வரை வந்தது. ஆத்தா பக்கத்திலேயே நின்றாள். விழுங்கிவிட்டான்.

குழியருகே சாமியார் லத்தீனில் பாடியபோது தெருவே விம்மியது. ஒரு சொல்லும் புரியாதவர்கள் உருகி உருகி அழுதார்கள். ஞானாபரணத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இது எந்த வேற்றுமை, இது எந்தக் காலம் என்று மனசு பிரித்துக்கொண்டே போயிற்று. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. தன் மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

சாயங்காலம் வந்தவர்கள் கலைந்தார்கள். குழந்தையம்மாள் கொண்டுவந்து வைத்த கம்மஞ்சோறு தொடாமல் இருந்தது. ஆத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணெ பூசாமப் போனாரேன்னு நெஞ்சடைக்குது கண்ணு. நீ சொன்னதுதான் எனக்கு ஒரே தெம்பு. கடேசியா நீளமா ஒண்ணு சொன்னயே, பாட்டாட்ட. அதென்ன செபம்? எனக்குச் சொல்லிக் குடு. நெதமும் சொல்றேன்."

ஒரு பொய் போதும். சேசுவின் பாடுகளைப் பற்றியது என்றால் தீர்ந்தது. ஆனால் அவள் தினமும் முழங்காலிட்டு மண்ணையும் எருதையும் பற்றிய பாட்டை, குழறிக் குழறி, புருஷன் ஆன்மாவுக்காகச் சொல்லப்போகிறாள்.

"அது செபம் இல்லீங்க ஆத்தா," என்றான்.

தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். செபம் தீர்ந்துபோனதை, பயந்ததை, வாயில் வந்ததை. பிறகு அந்தச் செய்யுளை அடி அடியாகத் தமிழில் சொன்னான். கரிசலை ஈரத்தில் மிதிக்காதே. விதைக்கும் முன் மண்ணைக் கையில் பிடித்துப் பார், விட்டால் உதிர வேண்டும். வாங்குகிற எருதை நடக்கவிட்டுப் பார். ஒரு வருஷம் விளைந்த காட்டை மறு வருஷம் ஆறப்போடு. ராயப்பன் மூச்சு நின்ற இடம் அதுதான்.

அவள் திட்டுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தான்.

"மண்ணை உதுத்துப் பாக்கச் சொல்றானா?" என்றாள்.

"ஆமாங்க ஆத்தா."

"இதைத் தமிழ்ல சொல்லியிருந்தீன்னா உங்கய்யன் ஏந்திரிச்சே உக்காந்திருப்பாரே கண்ணு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எருதுகளுக்கு நேற்றிலிருந்து யாரும் தண்ணீர் காட்டவில்லை, போய்க் காட்டிவிட்டு வா என்றாள்.

கட்டுத்தரையில் சாம்பல் நிறத்தில் இரண்டு மயிலை எருதுகள் நின்றன. போன சித்திரையில் ராயப்பன் கண்ணபுரம் சந்தையில் வாங்கியவை. அவன் அவற்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கயிற்றை அவிழ்த்துத் தொட்டிப் பக்கம் இழுத்தான். அவை கால் ஊன்றி நின்றுகொண்டன. ராயப்பன் அவற்றை ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பார். என்ன சொல்லி என்று அவனுக்குத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.